1794-இல் 8 பையன்கள், கொல்லிமலையில் ஒரு விண்ணப்பம்

கொல்லிமலைக்கு நான் போனது வேறு வேலையாக. வழக்கம்போல கல்வெட்டு, நடுகல், பழைய பாதை என்று அலைவதற்குத்தான். 2023 மே மாதக் கடைசி. காரவள்ளியில் டீ குடித்துவிட்டு 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சோளக்காடு தாண்டி செம்மேடு போனேன். அங்கிருந்து வாழவந்தி நாட்டுப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். மிளகும் பலாவும் வைத்திருக்கிற சிறு விவசாயி. இந்தப் பதிவில் நடுகல் எதுவும் வராது. அங்கே ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நான் நிரப்பிக்கொடுத்த ஒரு விண்ணப்பத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதை நிரப்பும்போது எழுந்த ஒரு கேள்வி என்னை 1794 வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். கொல்லிமலை ஓரி ஆண்ட மலை என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையை ஆளுபவர்கள் என்று பொருள் சொல்வார்கள். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக அவர்களிடையே ஒரு மரபுக்கதை உண்டு. மலை இன்றும் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகத்தான் பிரிந்திருக்கிறது. ஊராட்சிப் பெயர்களே அப்படித்தான்.

நான் தங்கிய வீட்டுக்காரரின் மகள் அந்த மாதம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். 600க்கு 431. கணிதம், கணினி அறிவியல் சேர்ந்த குரூப். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், "தாட்கோ மூலமா எச்.சி.எல். கம்பெனியில ஒரு திட்டம் இருக்கு, ஒரு வருஷம் பயிற்சி, அப்புறம் வேலை, வேலை பார்த்துக்கிட்டே டிகிரி" என்று. நான் மென்பொருள் வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் பாப்பா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

திட்டம் உண்மையானதுதான். எச்.சி.எல். நிறுவனம் டெக்பீ என்ற பெயரில் பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாக எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தாட்கோ அந்தப் பயிற்சிச் செலவை ஏற்கிறது. அப்போதைய அறிவிப்பில் 60 சதவீத மதிப்பெண் கேட்டிருந்தார்கள். நுழைவுத் தேர்வில் கணக்கு, தர்க்கம், ஆங்கிலம். வேலைக்குச் சேர்ந்ததும் ஆண்டுக்கு 1,70,000 முதல் 2,20,000 ரூபாய் வரை சம்பளம். கூடவே பிட்ஸ் பிலானியில் 4 ஆண்டு பி.எஸ்சி., தஞ்சாவூர் சாஸ்த்ராவில் 3 ஆண்டு பி.சி.ஏ., அமிட்டியில் பி.சி.ஏ. அல்லது பி.காம். என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தோம். சாதிச் சான்றிதழ் இருந்தது. பழங்குடியினர் சான்றிதழை இங்கே தாசில்தார் தருவதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பழங்குடியினர் பட்டியலைப் பார்த்தால் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம், தர்மபுரி, திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை என்று மாவட்டங்கள் இருக்கும். நாமக்கல் இருக்காது. நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1997-இல், பட்டியல் அதற்கு முந்தையது. ஆகவே இந்த மலைக்காரர்கள் சட்டப்படி இன்னும் 'சேலம்' கணக்கில்தான் வருகிறார்கள். வரலாறு சில நேரம் இப்படி விண்ணப்பப் படிவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் வழக்கமான தலைவலிகள். ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால். போட்டோ அளவு அதிகம் என்று ஏற்க மறுத்தது. சிக்னல் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் ஏற வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாறை மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் அப்பா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வேலையும் அவங்களே குடுக்கிறாங்க, படிப்பும் அவங்க மூலமாத்தான். நாளைக்கு அந்த கம்பெனி வேண்டாம்னு சொல்லிட்டா, எம்புள்ள கையில என்ன இருக்கும்?"

என்னிடம் உடனே பதில் இல்லை. "விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். ஊருக்குத் திரும்பி விசாரிக்க ஆரம்பித்ததில் வந்ததுதான் கீழே இருப்பது.

பட்டத்துக்கு முன்னால் தொழில்

வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் படிப்பது என்னமோ ஐ.டி. கம்பெனிகள் கண்டுபிடித்த புது விஷயம் என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டின் பொறியியல் கல்வி தொடங்கியதே அப்படித்தான்.

கிண்டி பொறியியல் கல்லூரியின் பிறப்புச் சான்றிதழில் இருக்கும் ஆண்டு 1794. அன்று அது கல்லூரி இல்லை, கிண்டியிலும் இல்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்த சர்வே பள்ளி அது. மாணவர்கள் 8 பேர். கம்பெனிக்குப் புதிது புதிதாக நிலம் கைக்கு வந்துகொண்டிருந்தது. வரி போட வேண்டும், ஏரிகளைப் பழுது பார்க்க வேண்டும், அதற்கெல்லாம் அளக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் செலவு அதிகம். டாப்பிங் உள்ளூரிலேயே பையன்களைத் தயார் செய்தார். அவர்கள் சென்னையில் இருந்த ராணுவ ஆண் அநாதை விடுதியைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இங்கே பிறந்து, கேட்பார் இல்லாமல் போன பிள்ளைகள்.

அதே விடுதிதான் ஆண்ட்ரூ பெல் 'மதராஸ் முறை' என்று உலகம் முழுக்கப் பரப்பிய கல்வி முறையின் பிறப்பிடமும். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது, மணலில் எழுதிப் பழகுவது. நம் திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? பெல் மணலில் எழுதும் பழக்கத்தை இங்கத்திய பள்ளிக்கூடத்தில் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்.

சர்வே பள்ளிப் பையன்கள் அப்ரண்டிஸ்கள். கணக்கும் வரைபடமும் கற்றுக்கொண்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு களத்தில் அளந்து பழகினார்கள். அரசுக்குக் குறைந்த செலவில் சர்வேயர், பையன்களுக்குச் சோறும் தொழிலும். இரண்டு பக்கமும் லாபம்தான். ஆனால் அவர்கள் கற்றதை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு முதலாளிதான் இருந்தார், கம்பெனி சர்க்கார். கொல்லிமலைக்காரர் கேட்ட கேள்வியை அந்த 8 பையன்களுக்காகக் கேட்க அப்பன் யாரும் இல்லை.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. சர்வே பள்ளி 1858-இல் சிவில் பொறியியல் பள்ளி ஆகி, 1859-இல் பொறியியல் கல்லூரி ஆனது. 1920-இல் கிண்டிக்குப் போனது. இந்த மாற்றத்தில் கிடைத்தது பெரிது: பட்டம். எந்த ஊருக்கும் எந்த வேலைக்கும் எடுத்துப் போகக்கூடிய காகிதம். இழந்ததும் உண்டு. அநாதை விடுதிப் பையன் நேராக நுழைந்த வாசல் மூடிக்கொண்டது. இப்போது உள்ளே வர முதலில் உயர்நிலைப் பள்ளி வேண்டும், ஆங்கிலம் வேண்டும், சில ஆண்டுகள் சம்பாதிக்காமல் சாப்பிடக் குடும்பம் வேண்டும்.

திரும்பவும் ஒட்டவைக்க முயன்றவர்கள்

பிரிந்த இரண்டையும் ஒட்டவைக்கும் முயற்சி உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்காவில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 27 மாணவர்களை வைத்துக் கூட்டுறவுக் கல்வி என்ற முறையைத் தொடங்கினார். மாணவர்கள் ஜோடி ஜோடி. ஒருவன் வகுப்பில் இருக்கும்போது மற்றவன் தொழிற்சாலையில், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் இதே முறையில்தான் பிறந்தது. பின்னாளில் கணினித் துறையில் அது அடைந்த பெயருக்கு இந்த முறையும் ஒரு காரணம்.

நம் ஊரில் ஜி.டி. நாயுடு. 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அவர் முயற்சியில் வந்தது. 4 ஆண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டே ஆண்டில் சொல்லித்தரலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். கல்லூரி அரசிடம் போய் இன்று ஜி.சி.டி. ஆக இருக்கிறது. அதே ஊரில் 1951-இல் வந்த பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியோ வேறு வழியில் போனது. பி.எஸ்.ஜி. குடும்பத்தின் தொழிற்பட்டறையை ஒட்டியே கல்லூரி. 5 ஆண்டு சாண்ட்விச் பி.இ. என்று ஒரு படிப்பு நடத்தினார்கள், வகுப்பும் பட்டறையும் மாறி மாறி. கோவைக்காரர்களைக் கேட்டால் 'எங்க மாமா சாண்ட்விச் மெக்கானிக்கல்' என்பார்கள். நாயுடு பட்டத்தின் காலத்தைக் குறைக்கப் பார்த்தார், தோற்றார். பி.எஸ்.ஜி. பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை உள்ளே நுழைத்தது, நின்றது.

வேலையில் இருப்பவனுக்கு இன்னொரு வாசல் ஏ.எம்.ஐ.இ. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் அமைப்பு 1920-இல் தொடங்கி, 1928 முதல் தேர்வு நடத்தியது. பகலில் மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ வேலை, ராத்திரி படிப்பு, செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி. முடித்தால் அரசு வேலைக்குப் பி.இ.க்குச் சமம். நம் அப்பாக்கள் காலத்தில் எத்தனையோ டிப்ளமோக்காரர்கள் இப்படித்தான் இன்ஜினியர் ஆனார்கள். முதலாளி யாராக இருந்தாலும் காகிதம் உங்களுடையது, அதுதான் அதன் பலம். அந்த வாசலும் இப்போது இல்லை. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சமநிலை.

மென்பொருளுக்கு வருவோம்

'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரே புதுசு. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஏற்பாடு செய்த மாநாட்டுக்குப் பிறகுதான் அது பரவலானது. பாலம் கட்டுவதற்கு ஆயிரம் வருஷ அனுபவம் இருந்தது, புரோகிராம் எழுதுவதற்கு இருபது வருஷம் சொச்சம்தான். ஆகவே முதல் தலைமுறையே வேலையில் கற்றுக்கொண்ட தலைமுறைதான்.

இந்தியாவில் இதைப் பட்டத்தோடு சேர்த்ததில் பிட்ஸ் பிலானிக்குப் பெரிய பங்கு. 1973-இல் மாணவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் பிராக்டிஸ் ஸ்கூல் முறை அங்கே வந்தது. 1979-இல் அதைத் திருப்பிப் போட்டார்கள்: தொழிற்சாலையில் இருப்பவனைத் தேடிப் படிப்பு போனது. 1995-இல் விப்ரோ அவர்களோடு சேர்ந்து வேஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்கள் வேலைக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே வார இறுதி வகுப்புகளில் படித்து நான்கு ஆண்டில் எம்.எஸ். வாங்கலாம்.

ஏன் கம்பெனிகள் இதைச் செய்தன? தர்மத்துக்காக அல்ல. ஆள் தேவை எகிறிக்கொண்டிருந்தது. பி.இ. பையன் ஒரு வருஷத்தில் அடுத்த கம்பெனிக்குத் தாவிவிடுவான். பி.எஸ்சி. முடித்தவன் குறைந்த சம்பளத்துக்கு வருவான், பட்டம் முடியும்வரை நிற்பான். டாப்பிங் போட்ட அதே கணக்குதான். ஆனால் ஒரு வித்தியாசம்: பட்டத்தில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயர். முடித்தவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். போனார்கள்.

ஜோஹோவின் வழி இதற்கு நேர் எதிர். 2000-களின் நடுவில் 6 மாணவர்களோடு தொடங்கிய அவர்கள் பள்ளியில் பள்ளிப்படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். பட்டம் கிடையாது. பட்டமே தேவையில்லை என்பதுதான் அவர்கள் கொள்கை. நாயுடு இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருஷம் முன்னால் நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவியும். வடிகட்ட வசதியாக "பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. மட்டும்" என்று எழுதியவன் நான்தான். பி.எஸ்சி. படித்து, வேலையிலிருந்தபடியே எம்.எஸ். முடித்தவர்கள் எல்லாம் திறந்து பார்க்காமலே வெளியே. ஒருநாள் பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்டார், "என் ஃபிரண்டு ஒருத்தன் அப்ளை பண்ணான், ஏன் கூப்பிடலை?" சொன்னேன். அவர் சிரித்தார். "நானும் அதே வழியில வந்தவன்தான். இங்க ரெஃபரல்ல வந்ததால உங்க ஃபில்டர்ல மாட்டலை" என்றார். எங்கள் குழுவில் எந்தப் பழைய சிக்கலான கோடுக்கும் நாங்கள் போய் நிற்பது அவரிடம்தான். அந்த வரியை அடுத்த முறை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை. பாறை மேல் அந்த அப்பா கேட்டபோது எனக்கு வாய் அடைத்ததற்கு இதுவும் காரணம். கம்பெனி வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பிள்ளை போய் நிற்கும் அடுத்த வாசலில் என்னை மாதிரி ஒருவன்தானே உட்கார்ந்திருப்பான்.

அவருக்கு நான் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். இந்த வரலாறெல்லாம் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னேன்.

"பட்டம் கம்பெனி பேர்ல இல்லீங்க, யுனிவர்சிட்டி பேர்ல வரும். முடிச்சுட்டா அது பாப்பாவோடது, யாரும் பிடுங்க முடியாது. ஆனா முடிக்கிற வரைக்கும் கவனமா இருக்கணும். சேரும்போதே நாலு கேள்வி கேளுங்க."

அந்த நாலு கேள்வியை இங்கேயும் எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஒன்று, நடுவில் வேலையை விட்டாலோ, அவர்களே அனுப்பினாலோ படிப்பைத் தொடர முடியுமா? அப்போது ஃபீஸ் யார் கட்டுவது?

இரண்டு, எத்தனை வருஷம் இருந்தாக வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்களா? முன்னாலேயே விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, பட்டத்தின் சரியான பெயர் என்ன, யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா? நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதவோ மேற்படிப்புக்கோ அது செல்லுமா? பி.எஸ்சி.யும் பி.சி.ஏ.வும் பி.இ. ஆகாது, அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

நான்கு, வாரத்தில் ஆறு நாள் வேலையும் ஏழாவது நாள் வகுப்பும் என்றால் எப்போது படிப்பது? முடித்த சீனியர் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்வார்களா?

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப காலேஜு?" என்றார். நியாயமான கேள்வி. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் பி.இ. கிடைக்க வாய்ப்பு இருந்தது. கவுன்சலிங்குக்கும் பதிந்துவைக்கச் சொன்னேன். இரண்டு கதவையும் தட்டிவைப்பதில் தப்பில்லை. எதைத் திறப்பது என்பது அவர்கள் வீட்டுக் கணக்கு. மிளகு விலை, தம்பியின் படிப்பு, ஹாஸ்டல் செலவு எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு, அதில் நான் தலையிட முடியாது.

பாப்பா நுழைவுத் தேர்வு எழுதினாள். ஆங்கிலம்தான் கஷ்டமாக இருந்ததாம். தேர்வானாள். நேர்காணலுக்குப் போகும் முன் போனில் என்னிடம் ஒத்திகை பார்த்தாள். "ஏன் இந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறாய்" என்று கேட்டேன். மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலப் பதிலைச் சொன்னாள். நிஜமான பதிலைத் தமிழில் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சம்பாதிச்சுக்கிட்டே படிச்சா, அப்பாகிட்ட எதுக்கும் காசு கேட்க வேண்டாம் சார். நடுவுல நிறுத்துன்னும் யாரும் சொல்ல முடியாது."

அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் வந்தது. அப்படியே சொல்லு, போதும் என்றேன்.

நேர்காணலிலும் தேறிவிட்டாள். சேருவதற்கு முன் அவள் அப்பா, நாலு கேள்வியையும் நோட்டில் எழுதி எடுத்துப் போய், ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி எழுதிக்கொண்டு வந்தாராம். "மூணுக்கு நல்ல பதில் சார், ரெண்டாவதுக்கு மட்டும் காகிதத்தைக் காட்டுங்கன்னு கேட்டு வாங்கிப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட விட்டேன்" என்றார். இப்போது பயிற்சி முடிந்து வேலையில் இருக்கிறாள், கூடவே பட்டப்படிப்பு. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

அடுத்த முறை போகும்போது விட்டுப்போன நடுகல்லைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.